கிணறு வரைக்கும் போன பாடம்

சூலூரில் நான் படித்த பள்ளியை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். நேற்று அங்கே கைகழுவப் போனபோது பின்சுவரில் புதிதாக அடித்த சுண்ணாம்பின் வாசம் வந்தது. அதே வாசம் வீசிய ஏழாம் வகுப்பு அறை ஞாபகம் வந்தது.

பக்கத்து விசைத்தறிகளின் தடதடப்புக்கு மேலே குரலை உயர்த்தி, சரோஜா டீச்சர் வரலாற்றை இன்றிலிருந்து பின்னோக்கி நடத்துவார். “இந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால இங்க என்ன இருந்துச்சு கண்ணு?” என்பார். பஞ்சுக் கிடங்கு, அதற்கு முன்பு ஊர்க் கிணறு என்று வீட்டில் கேட்டு வந்து சொல்வோம்.

“கெணத்துல யாரெல்லாம் தண்ணி எடுத்தாங்க?”

நான் எழுந்தேன். “எங்கம்மா சின்னப்புள்ளையா இருக்கையில எடுக்க உடலீங்க டீச்சர். யாராச்சும் ஊத்துவாங்களான்னு கொடத்தோட நிப்பாங்களாமுங்க.”

டீச்சர் அதை அப்படியே கரும்பலகையில் எழுதினார். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டோம்.

மறுநாள், பாடத்தைக் கேள்விப்பட்டு, ஊரில் நிலம் வைத்திருந்த தோட்டக்காரர்கள் வந்து தலைமையாசிரியரிடம் கத்திவிட்டுப் போனார்கள். அந்த வாரமே டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த சார், “அந்தப் பக்கத்தக் கிழிச்சுப்போடுங்க” என்றார்.

அம்மாவைப் பற்றி நானே சொன்ன பக்கத்தை, எல்லோரோடும் சேர்ந்து நானும் கிழித்தேன்.