பெயர் சொல்லிக் கொடுத்த சம்மன்

நான் வேலை பார்க்கும் பினாங்குப் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் ஒரு வேடிக்கை நடக்கிறது. சீனத்துக் குமாஸ்தா அம்மாள் வருகைப் புத்தகத்தைத் திறந்து, "மிஸஸ் கந்தசாமி!" என்று கூவுகிறாள். நான் போய்க் கையெழுத்துப் போடுகிறேன். என் விவாகரத்து வழக்கு முடியும் முன்பே எடுத்த பாஸ்போர்ட்டில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. வந்த புதிதில், "நோ ஹஸ்பண்ட்" என்று விளக்கப் பார்த்தேன். அவள் கண் கலங்கி, "ஸோ சாரி" என்று பிஸ்கட் டப்பாவை நீட்டினாள். பிஸ்கட் நன்றாக இருந்ததால் நான் மறுத்துப் பேசவில்லை.

என் புருஷனாக இருந்த அவரோ ஊரில் கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருக்கிறார். ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "திருப்போரூர் சாமி பேர்" என்பேன். அவர் கோவளத்தில் வேறொருத்தியோடு குடியேறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. செங்கல்பட்டு கோர்ட்டில் விவாகரத்துக்கு மனுப் போட்டேன். சம்மன் அவர் கைக்குப் போகாமல் வழக்கு நகராது. பினாங்கு வேலையோ அதிக நாள் காத்திருக்காது. சம்மன் கொண்டுபோன கோர்ட்டு அமீனாவிடம், "கந்தசாமியா? அவன் பட்டணம் போய்ட்டான்" என்று அவரே இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்றாவது தடவை, அவர் கழுகு பார்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டு அமீனா என்னையும் கூட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றம் மலையேறினார். உச்சிவேளை. கழுகு வருமென்று கூட்டம் முழுக்கக் கைகூப்பி வானத்தைப் பார்த்து நின்றது. அந்தக் கூட்டத்தில் என் புருஷனும் புதியவளோடு நின்றார்.

"டீச்சரம்மா, நீ பேரைச் சொல்லிக் கூப்புடு. நீ கை காட்டினா 'நான் அவன் இல்ல'ம்பான், நான் கூப்ட்டா உஷாராயிடுவான்."

"எனக்கு வாய் வரலையே."

"வரலன்னா அவன்கூடவே வாழு, போ."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. "கந்தசாமி!" என்று கத்தினேன். மூன்று பேர் திரும்பினார்கள். மூன்றாமவர் என்னுடையவர்.

"புருசன் பேரையாடி சொல்லிக் கூப்புடற? வெக்கமா இல்ல?"

"புருசன்னு நீயே ஒத்துக்கினியே, அண்ணாத்த. வாங்கிக்க" என்று அமீனா கூப்பிய கைகளுக்குள் சம்மனைச் செருகினார். கழுகு வந்ததா என்று நான் பார்க்கவில்லை. அழுதேன். இந்தப் பெயரை ஆறு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாமே என்று எரிச்சலாகவும் இருந்தது.

ஊரில் இருப்பவர்களே, சிரிக்காதீர்கள். செங்கல்பட்டுத் தீர்ப்பில் நான் யாருக்கும் மனைவியில்லை. பினாங்கில் கந்தசாமியின் விதவை. நாளைக் காலையும் குமாஸ்தா அந்தப் பெயரைக் கூவுவாள். அன்றைக்கு மலையில் அவர் திரும்பினாரே, அதே மாதிரி நானும் சட்டென்று திரும்புவேன்.