போதும் என்று சொல்லும் இடம்

கூலாயில் நாங்கள் இருந்த தாமான் குடியிருப்பில் தீபாவளியன்று எந்த வீட்டு கேட்டும் சாத்தியிருக்காது. மலாய்க்காரர், சீனர், பக்கத்து வீட்டாரின் ஆபீஸ்காரர் என்று யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பிடாமல் போனால்தான் மனத்தாங்கல். எனக்குப் பத்து வயதான வருடம் மட்டும் எங்கள் வீட்டு கேட்டில் காலையிலேயே பூட்டுத் தொங்கியது. தம்பி வெளியே போய்விடக் கூடாது என்று அம்மா போட்ட பூட்டு அது. போனால் வீடு வீடாக ஏறிச் சாப்பிடுவான். எந்த வீட்டிலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

தம்பிக்கு அப்போது ஏழு வயது. முந்தைய வருடம் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் என்று ஆரம்பித்து, மூளையில் கட்டி என்று கண்டுபிடித்து, ஜொகூர் பாருவில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைத்து வந்தான். வந்த நாளிலிருந்து பசி. சாப்பிட்டுக் கழுவிய கை காய்வதற்குள் மறுபடி தட்டோடு வந்து நிற்பான். எங்கள் பிரிட்ஜுக்குச் சங்கிலி வந்தது. அரிசி டப்பா துணி அலமாரிக்குள் குடியேறியது. எனக்கு வாங்கிய பிஸ்கட்டை நான் அப்பாவின் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, திருடி மாதிரி குனிந்து உட்கார்ந்து தின்றேன். ஒருநாள் குப்பைக்கூடையில் கோழி எலும்பைத் துழாவிக்கொண்டிருந்தவனைப் பார்த்தபோது எனக்குப் பரிதாபம் வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. அவன் பெருந்தீனிக்காரன் என்பது என் முடிவு.

டாக்டர் சொன்னதை அப்பா எங்களுக்கு விளக்கத்தான் செய்தார். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று பாதாம் பருப்பளவு ஒரு பகுதி இருக்கிறது. தாகம், தூக்கம், உடம்புச் சூடு எல்லாம் அதன் பொறுப்பு. அதற்குள்ளேயே, கீழ்ப்பக்கமாக, நடுக்கோட்டுக்கு இரண்டு புறமும் சின்னஞ்சிறு நரம்பணுத் திரள்கள் உண்டு. வயிறு நிறைந்தது, உடம்பில் கொழுப்பு சேர்ந்தது என்று இரத்தத்தில் வரும் சேதியை வாங்கி, போதும் என்று சொல்ல வைப்பது பெரும்பாலும் அவைதான். தம்பியின் கட்டி அவற்றோடு ஒட்டி வளர்ந்திருந்தது. கட்டியை எடுத்தபோது அந்த இடமும் சேதமாகிவிட்டது. இனி அது திரும்ப வராது. இப்படியே எடை ஏறினால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம் என்றும் டாக்டர் எச்சரித்திருந்தார். நான் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

அம்மா வீட்டுக்கு வீடு போய், பிள்ளைக்கு எதுவும் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். எல்லோரும் சரி என்றார்கள். அவள் தலை மறைந்ததும், "பாவம்லா, சின்னப் பையன்" என்று கறிபாப் பலகாரத்தைக் கையில் திணித்தார்கள். அவன் கன்னம் உப்ப உப்ப, உடம்பு நன்றாகத் தேறிவிட்டான் என்று எங்களிடமே மகிழ்ந்தார்கள்.

அந்தத் தீபாவளியன்று பாலோவிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. பூட்டைத் திறந்து உள்ளே விட்டதுமே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னம்மா இது, நல்ல நாளும் அதுவுமா கேட்டப் பூட்டி வெச்சிருக்க? பெத்த பிள்ளைக்குக் கப்புல அளந்தா சோறு போடுவாங்க?"

"டாக்டர் சொல்லியிருக்காரு அண்ணி."

"அவரு சொல்வாரு! பட்டினி போட்டா எந்தப் பிள்ளைதான் கேக்காது? ஒரு நாளு வயிறு நெறைய போட்டுப் பாரு. அப்புறம் அவனே வேணாம்பான்."

அப்பா ஐஸ் வாங்கப் போயிருந்தார். வேறு நாளாக இருந்தால் அம்மா தட்டைப் பிடுங்கியிருப்பாள். அன்று கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுவிட்டாள். அத்தை பரிமாறத் தொடங்கினாள். தோசை, ஆட்டுக்கறி, சோறு, மறுபடி கறி. "சாப்புடுய்யா, என் ராசா" என்று முதலில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போதுமாய்யா?" என்றாள். தம்பி தலையை ஆட்டி மறுத்தான். மறுபடி போட்டாள், மறுபடி கேட்டாள். அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. தம்பிக்கு நெற்றியெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்கியது. கை மட்டும் நிற்கவில்லை. அம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் புதுச்சட்டை நனைய வாந்தி எடுத்தான். அம்மா ஓடிவந்து முந்தானையால் துடைத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அவன் கண்ணைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, "அம்மா, பசிக்குதும்மா" என்றான்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சொன்னதுதானே சரி என்று ஆகிவிட்டது? "பாத்தீங்களா அண்ணி" என்று ஒரு சொல்லாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ ஆபரேஷன் அன்றுகூட அழாத அழுகையை அழுதாள். ஜெயித்தவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

தம்பி பதினெட்டைத் தாண்டவில்லை. டாக்டர் சொன்னபடிதான் நடந்தது.

அன்று அம்மா அத்தையைத் தடுக்காமல் நின்றது அசதியால் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை சொன்னதே சரியாக இருந்துவிட வேண்டும், தன் பிள்ளையைத் தான்தான் பட்டினி போட்டிருக்க வேண்டும் என்று அந்த வாசலில் நின்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.