விமானத்துக்குப் பொட்டு வைத்த நாள்

போன வருடம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். தொப்பூர் கணவாய்க்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நடந்தது. மறுநாள் விடுமுறை என்பதால் கல்லூரிகளில் ஒரு நாள் முன்னதாகவே பூஜை போட்டு, பொரி கடலை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நான் இருபது வருடம் ஏர்ஃபோர்ஸில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தவன். பைலட்டுக்குப் படிக்கிறவர்கள் முதன்முதலில் ஏறிப் பழகும் சின்ன விமானங்கள்தான் என் பொறுப்பு. ஊர் திரும்பி, தர்மபுரியில் ஜெனரேட்டரும் மோட்டாரும் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் நான் 'பாய்'. முன்கோபி என்ற பட்டமும் உண்டு. சும்மா கோபம் வராது. வேலையில் யாராவது ஏனோதானோ என்று இருந்தால் சுர்ரென்று வரும். அப்படிப்பட்ட மகானுபாவன் செய்த வேலையைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தக் கல்லூரியில் பழைய பயிற்சி விமானம் ஒன்றை வாங்கி ஷெட்டில் நிறுத்தியிருந்தார்கள். பறந்து பல வருடம் ஆன ராணுவ விமானம். முன்னும் பின்னுமாக இரண்டு சீட், நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், மூக்கில் மரத்தில் செய்த ப்ரொப்பெல்லர். பூஜை அன்று தாளாளர் வரும்போது இன்ஜின் ஓட வேண்டும் என்று பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். பழைய காதலியைப் பார்க்கப் போகிறவன் மாதிரி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

மூன்று வாரம் வேலை. எனக்கு உதவிக்கு லேப் இன்ஸ்ட்ரக்டர் மேடத்தை விட்டார்கள். பாப்பாரப்பட்டியிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். கான்ட்ராக்ட் வேலைதான். ஆனால் கவனம் என்றால் அப்படி ஒரு கவனம். முதல் நாளே அவரிடம் ஒன்று சொல்லி வைத்தேன். இந்த மரத் துண்டு சும்மா நிற்கிறதே என்று நினைக்காதீர்கள், இன்ஜினுக்குள் கொஞ்சம் பெட்ரோலும் ஒரே ஒரு தீப்பொறியும் இருந்தால் போதும், கையை முழங்கையோடு எடுத்துவிடும். அதனால் என்னைக் கேட்காமல் தொடக்கூடாது. அன்றிலிருந்து துடைக்கப் போனாலும் சரி, அளக்கப் போனாலும் சரி, "பாய், தொடலாங்களா?" என்று கேட்பார். நான் காக்பிட்டுக்குள் தலையை விட்டு ஸ்விட்ச்சைப் பார்த்துவிட்டு, "தொடுங்கம்மா" என்பேன். அதன் பிறகுதான் கை வைப்பார்.

இரண்டாவது வாரம் இன்ஜின் கிளம்பிவிட்டது. ஆனால் விமானமே ஜுரம் வந்த மாதிரி நடுங்கியது. புகை போகும் குழாய்கள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். தோசைக்கல்லில் தெளித்தது போல எல்லாமே சுர்ரென்றது. அப்படியானால் நாலு சிலிண்டரும் வேலை செய்கிறது, கோளாறு ப்ரொப்பெல்லரில் என்று அர்த்தம். பிளேடின் நுனிக்கு நேராக ஒரு ஸ்டூலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டு, பிளேடைக் கையால் சுழற்றி அடுத்ததைக் கொண்டுவந்தோம். இரண்டு நுனியும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஒன்றரை நூல், கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர், தள்ளி வந்தது. மரம் காய்ந்து சுருங்கியதில் போல்ட்டுகள் ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் இருந்தன. எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிச் சரிசெய்தோம். "இப்ப கோட்டுக்கு வந்திருச்சுங்க பாய்" என்று அந்தம்மா சொன்னபோது அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

கையோடு மேக்னெட்டோவையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பெட்டி அது. அதில் ஒரு விஷயம் உண்டு. வீட்டில் ஒயர் அறுந்தால் விளக்கு எரியாது. மேக்னெட்டோவில் தலைகீழ். அதிலிருந்து ஸ்விட்ச்சுக்குப் போகிற ஒயர் வழியாகத்தான் தீப்பொறியை அடக்குகிறோம். அந்த ஒயர் அறுந்துவிட்டால், ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் பொறி பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் இன்ஜினை நிறுத்துவதற்கு முன், மெதுவாக ஓடும்போது ஒரு நொடி ஸ்விட்ச்சை ஆஃப் செய்து பார்ப்போம். இன்ஜின் சாகப் பார்த்தால் ஒயர் நன்றாக இருக்கிறது. சாகாவிட்டால் ஆபத்து. ஏர்ஃபோர்ஸில் இதைச் செய்யாமல் இறங்கினவனை நானே எத்தனையோ தடவை கிழி கிழி என்று கிழித்திருக்கிறேன்.

பூஜை அன்று காலை எட்டு மணிக்கு விமானத்தை வெளியே தள்ளி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மேக்னெட்டோவை மாட்டிய பிறகு முதல் தரமாக ஓட்டிப் பார்த்தேன். அடடா! நடுக்கம் போன இடம் தெரியவில்லை. பிரின்சிபால் ஒரு பக்கம் செல்போனில் படம் பிடிக்கிறார், இன்னொரு பக்கம் மாணவர்கள் கை தட்டுகிறார்கள். நான் காக்பிட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த மிதப்பிலேயே பெட்ரோல் வால்வை மூடினேன். இன்ஜின் இருந்த பெட்ரோலைக் குடித்துவிட்டு அமைதியாக நின்றது. ஸ்விட்ச்சை ஆஃப் செய்துவிட்டு இறங்கி, எல்லோருக்கும் கை கொடுத்தேன்.

பத்தரைக்குத் தாளாளர் வந்தார். முதலில் மேடை, பிறகு பூஜை, அதன் பிறகு இன்ஜின் என்று ஏற்பாடு. தாளாளர் முன்னால் முதல் சுற்றிலேயே கிளம்ப வேண்டும் என்ற ஆசையில் நான் முன்கூட்டியே பெட்ரோல் வால்வைத் திறந்து, சிலிண்டருக்குள் பெட்ரோலும் அடித்து வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மைக்கில் என் பெயர். சால்வை போர்த்தப் போகிறார்களாம். வேட்டியைச் சரி செய்துகொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

எதிரே சந்தனக் கிண்ணமும் குங்குமமும் பூச்சரமும் வைத்த தட்டோடு அந்தம்மா வந்துகொண்டிருந்தார்.

"பாய், ப்ரொப்பெல்லருக்குப் பொட்டு வைக்கணும்ங்க. தொடலாங்களா? ஸ்விட்ச் ஆஃப்லதான இருக்குது?"

நான் நிற்கக்கூட இல்லை. திரும்பிப் பார்க்காமலே, "ஆஃப்லதாம்மா இருக்கு, தாராளமா வைங்க" என்று கையை வீசிவிட்டுப் போய்விட்டேன்.

மேடை விமானத்திலிருந்து நாற்பது அடி தூரம் இருக்கும். சால்வை போர்த்தினார்கள். ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு மைக் கிடைத்தால் விடுவேனா? நடுக்கத்தை எப்படிக் கண்டுபிடித்தேன், ஒன்றரை நூலை எப்படிச் சரிசெய்தேன் என்று அளந்து விட்டேன். "இன்னைக்குக் காலையில ஓட்டிப் பாத்தேங்க. அவ்ளோ ஜோரா ஓடுச்சு. பெட்ரோல் வால்வ மூடினதும் பூனைக்குட்டி மாதிரி அடங்கிருச்சு" என்றேன்.

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

பெட்ரோலை மூடித்தான் நிறுத்தினேன். ஸ்விட்ச்சை அணைத்துப் பார்த்தேனா? நினைவைத் துழாவுகிறேன். கைதட்டல் வருகிறது, செல்போன் வருகிறது, கை கொடுத்தது வருகிறது. ஸ்விட்ச்சை ஒரு நொடி ஆஃப் செய்து இன்ஜின் இறங்குவதைக் கேட்டது மட்டும் வரவில்லை. அப்படிச் செய்யவே இல்லை என்றால், மேக்னெட்டோவைக் கழற்றி மாட்டிய பிறகு அந்த ஒயரை யாருமே சோதிக்கவில்லை. உள்ளேயோ பெட்ரோல் அடித்து வைத்திருக்கிறேன். எதிரே முந்நூறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும், பேச்சை முடித்துவிட்டு யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ அப்படி நின்றேன்.

தலையைத் தூக்கி விமானத்தைப் பார்த்தேன். ப்ரொப்பெல்லர் கிட்டத்தட்ட செங்குத்தாக நின்றிருந்தது. மேல் பிளேடு அந்தம்மாவுக்கு எட்டவில்லை. இரண்டு பிளேடுக்கும் பொட்டு வைக்க வேண்டுமே! தட்டைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, குறுக்கே கொண்டுவருவதற்காக இரண்டு கையாலும் பிளேடைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பிளேடு மெதுவாக இறங்குகிறது. இன்னும் ஒரு முழம் இறங்கினால் சிலிண்டர் இறுக்கம் வரும், மேக்னெட்டோ பொறி அடிக்கும்.

"தொடாதீங்கம்மா! கைய எடுங்க! கைய எடுங்க!"

நான் போட்ட சத்தத்தில் ஸ்பீக்கர் கீச்சென்று அலறியது. அந்தம்மா வெடுக்கென்று கையை உதறிவிட்டுப் பின்னால் ஓர் எட்டு வைத்தார். பிளேடு நிற்கவில்லை. இழுத்த வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் இறங்கியது. மேக்னெட்டோவிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி படாரென்று இன்ஜின் வெடித்து, ப்ரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியது. ஸ்டூல் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம் பறந்தது. புகையைக் கக்கிவிட்டு இன்ஜின் நின்றது.

யா அல்லாஹ்! மேடையிலிருந்து எப்படிக் குதித்தேன் என்று தெரியாது. நாற்பது அடியும் நாற்பது மைலாக இருந்தது. போய்ப் பார்த்தால் அந்தம்மா புல்லில் உட்கார்ந்திருக்கிறார். முகம், கழுத்து, தோள் எல்லாம் சந்தனம். குங்குமம் புடவை முழுக்கக் கொட்டிக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டு கையையும் விரித்து முகத்துக்கு நேராக வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லைங்க பாய். ரெண்டு கையும் இருக்குதான்னு பாக்கறேன்."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. முதலில் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, யாரும் கிட்ட வராதீர்கள் என்று எல்லோரையும் தள்ளி நிறுத்தினேன். பிரின்சிபால் மூச்சிரைக்க ஓடிவந்தவர் நேராக அந்தம்மாவைப் பிடித்துக்கொண்டார். "உங்கள யாரும்மா அதப் போயி சுத்தச் சொன்னது? அறிவு வேணாமா? ஏதாவது ஆயிருந்தா காலேஜ் பேரு என்னாவறது? தாளாளர் முன்னாடி இப்படி மானத்த வாங்கிட்டீங்களே!" என்று பொரிந்து தள்ளினார். பின்னாலேயே தாளாளரும் வந்து நின்று, "யாரு இவங்க? பர்மனென்டா?" என்று கேட்டார்.

அந்தம்மா எழுந்து நின்றார். என்னை ஒரு தரம் பார்த்தார். 'பாய்தான் தொடச் சொன்னார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தாரோ, சொன்னால் யார் நம்புவார்கள் என்று நினைத்தாரோ, தெரியாது. என் தோளில் சால்வை இன்னும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அங்கே நின்றது எனக்கே அருவருப்பாக இருந்தது.

"சார், அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. தொடலாமான்னு எங்கிட்ட கேட்டுட்டுத்தான் தொட்டாங்க. ஆஃப்ல இருக்குன்னு நான்தான் சொன்னேன். பாக்காமயே சொன்னேன். காலையில செய்ய வேண்டிய செக்கப்பையும் செய்யல. தப்பு முழுக்க என்னுது" என்றேன்.

இன்ஜின் மூடியைத் திறந்து காட்டினேன். மேக்னெட்டோவிலிருந்து ஸ்விட்ச்சுக்குப் போகும் ஒயர், முனையில் அறுந்து தொங்கியது. பழைய ஒயர். நீளமாக இருக்கிறதே, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நானே அதை மடக்கிச் சொருகியிருந்தேன். மடக்கிய இடத்திலேயே விட்டுப் போயிருந்தது. காலையில் ஒரே ஒரு நொடி ஸ்விட்ச்சைத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். தாளாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பி மேடைக்கு நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புது ஒயர் போட ஒரு மணி நேரம் ஆனது. எல்லோரையும் கயிறு கட்டித் தூர நிறுத்திவிட்டு இன்ஜினைக் கிளப்பினேன். பூஜைக்கு முன்னாலேயே ஓட்டுகிறானே என்று சிலருக்கு முணுமுணுப்பு. நான் கண்டுகொள்ளவில்லை. மெதுவாக ஓடும்போது ஸ்விட்ச்சை ஆஃப் செய்தேன். இன்ஜின் தொப்பென்று இறங்கியது. ஆன் செய்து, மறுபடியும் ஆஃப். மூன்று தரம் பார்த்தேன். பிறகு பெட்ரோலை மூடி, சொட்டு மிச்சமில்லாமல் ஓடவிட்டு நிறுத்தி, ஸ்விட்ச்சை ஆஃப் செய்துவிட்டு இறங்கினேன்.

அந்தம்மா முகம் கழுவி, வேறு கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டு வந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"வாங்கம்மா, இப்ப தொடலாம்" என்றேன்.

அவர் அசையவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை, கிண்டலாகவும் சொல்லவில்லை. வழக்கமாகப் பேசுகிற மாதிரியே சொன்னார்.

"மொதல்ல நீங்க தொடுங்க பாய். அப்புறம் நான் தொடறேன்."

சுருக்கென்று தைத்தது. ஆனால் அதைச் சொல்ல அவரைவிட உரிமை உள்ளவர் யார்? நான் போய்ப் பிளேடைப் பிடித்து, மெதுவாக இழுத்து, குறுக்காகக் கொண்டுவந்து நிறுத்தினேன். உள்ளே பொறி இல்லை, பெட்ரோல் இல்லை என்று என் புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. அந்தம்மா கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து, என் கை இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். அடுத்த பிளேடுக்கும் வைத்தார். இரண்டும் வைத்து முடிக்கிற வரை நான் கையை எடுக்கவே இல்லை.

இருபது வருட சர்வீஸில் ப்ரொப்பெல்லருக்குப் பயப்படத்தான் கற்றுக்கொண்டிருந்தேன். என்னை நம்பி ஒருத்தர் கேட்கும்போது நான் சொல்லப் போகும் பதிலுக்கும் பயப்பட வேண்டும் என்பதை, பாப்பாரப்பட்டி பஸ்ஸைப் பிடித்து இரண்டு கையோடும் வீட்டுக்குப் போன அந்தம்மாவால்தான் தெரிந்துகொண்டேன்.