பூதத்தின் மேல் பஞ்சாயத்து

அந்தப் புத்தகம் எங்கள் கடைக்கு எடைக்கு வந்தது. வருடக் கடைசியில் பள்ளி விடுதிகளைக் காலி செய்யும்போது மூட்டை மூட்டையாகப் பழைய காகிதம் கழியும். மிளகும் ஏலமும் பொட்டலம் கட்ட அத்தா அதை வாங்கிப் போடுவார். நான் பார்த்தபோது புத்தகம் பாதி பொட்டலமாகியிருந்தது. அட்டையைக் காணோம், முதல் இருபது பக்கங்களும் இல்லை. மிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் இருந்த கோடவுனுக்குள் போய் உட்கார்ந்தேன். கடையைப் பார்க்கச் சொல்லி அத்தா கத்தியது காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஏற்காட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் மளிகைக் கடை. எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. ஒரு நாளைக்கு மூன்று தரம் ஏரியைச் சுற்றுவேன். சாயங்காலம் சேலத்துக்கு பஸ் இறங்கும்போது அதில் நான் இல்லையே என்று வயிறு எரியும். ஒரு மாதம் சேலத்தில் மாமா கடையில் இருந்து பார்த்தேன். அங்கே மேலே ஏறுகிற பஸ்ஸைப் பார்த்து அதே வயிற்றெரிச்சல். எனக்கு எந்த ஊரும் லாயக்கில்லை என்று அத்தா முடிவு கட்டியிருந்தார். நானும் ஏறக்குறைய அந்த முடிவுக்கு வந்திருந்தேன்.

டிக்ஷனரியை வைத்துக்கொண்டு பத்து நாள் முட்டி மோதியதில் அந்த இங்கிலீஷ் புத்தகம் கொஞ்சம் பிடிபட்டது. அது கதைப் புத்தகம் இல்லை. கதையை எப்படி ஆடுவது என்று சொல்கிற புத்தகம். ஒருவர் ஊரையும் காட்டையும் வழியில் வருகிற ஆபத்தையும் சொல்லிக்கொண்டு போக வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தாங்கள் என்ன செய்வோம் என்று வாயால் சொல்ல வேண்டும். எடுத்த காரியம் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மேடை வேண்டாம், வேஷத்துக்குத் துணி வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்து எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வரலாம். படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் கெட்டது. இத்தனை நாளாக எனக்கு வேண்டியிருந்தது இதுதான் என்று ஒரே அடியாகத் தோன்றிவிட்டது.

ஆனால் தனியாக ஆட முடியாது. சொல்கிறவனைத் தவிர மூன்று பேராவது வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த மூன்று பேரைத் தேடி நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

கடை வாசலில் ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டேன்: 'ஞாயிறு மாலை விளையாட மூன்று பேர் தேவை.' முதல் நாளே நாலு பேர் வந்தார்கள். எல்லோரும் சீட்டாடுகிறவர்கள். காசு வைக்காமல் என்ன ஆட்டம் என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாடகக் கம்பெனி என்று நினைத்து ஒருவர் ஆர்மோனியத்தோடு வந்தார். வெள்ளக்கடை கிராமத்தில் இங்கிலீஷ் படித்த வாத்தியார் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு சைக்கிளில் மூச்சு வாங்கப் போனேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, 'கல்யாணம் பேசறாங்களா தம்பி ஊட்ல?' என்று விசாரித்தார். திரும்பி வரும்போது மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவரை வாய்க்குள் திட்டித் தீர்த்தேன்.

கடைசியில் ஆள் கிடைத்தது கடைக்குள்ளேயேதான். என் அக்கா புருஷன் வெளிநாட்டில் இருந்ததால் அக்கா எங்களோடு இருந்தாள். கோடவுனுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆடலாம் என்றால் சம்மதம் என்றாள். இரண்டாவது, எஸ்டேட் ரைட்டர் ஒருவர். காலையில் ஆள் கணக்கு எடுத்துப் பேர் போடுவது அவர் வேலை. ஞாயிறானால் என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் கடையில் வந்து பழைய பேப்பர் படிப்பார். மூன்றாவது ஆள் மஞ்சக்குட்டை என்கிற மலைக் கிராமத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். காப்பியும் ஆரஞ்சும் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குச் சரக்கு கொண்டுவருவார். பேச்சில் நம்பர் ஒன். தான் சொன்னதுதான் சரி என்று ஒற்றைக் காலில் நிற்பார். சந்தை கலைந்ததும் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் சும்மா இருக்க வேண்டியிருந்ததால், 'வந்து பாக்கறனுங்க பாய், புடிக்கலீன்னா எந்திரிச்சுப் போயிருவேன்' என்றார்.

அத்தாவிடம் ஒரு சிக்கல் இருந்தது. பகடை என்ற சொல்லைக் கேட்டதுமே எழுந்து நின்றுவிட்டார்.

'பகடை உருட்டறது நமக்கு ஆகாதுடா. என் கடைக்குள்ள அது வரக்கூடாது.'

காசு இல்லை, பந்தயம் இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. அக்காதான் வழி கண்டுபிடித்தாள். ஒன்று முதல் இருபது வரை காகிதத்தில் எழுதிச் சுருட்டி பிஸ்கட் டின்னில் போட்டோம். கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியது. பெரிய எண் வந்தால் பலித்தது, சின்னது வந்தால் இல்லை. அத்தா டின்னைத் திறந்து பார்த்து, முகர்ந்தும் பார்த்து, மூடி வைத்துவிட்டுப் போனார்.

முதல் இரண்டு ஞாயிறு வேஷம் கட்டுவதிலேயே போயிற்று. அக்கா சூனியக்காரியாக வந்தாள். ரைட்டர் காவல்வீரர். எடுத்துப்போகிற கயிறு எத்தனை, விளக்கு எத்தனை என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். மஞ்சக்குட்டைக்காரர், 'நான் வெவசாயிதானுங்க. கத்தி வேணும்னா குடுங்க, வெச்சுக்கறேன்' என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் விட்டுவிட்டேன். ஆள் போய்விட்டால் அடுத்த ஆளுக்கு எங்கே போவது?

மூன்று வாரமாக ஒரு குகையைத் தயார் செய்து வைத்திருந்தேன். உள்ளே இரட்டைத் தலைப் பூதம், அதன் காலடியில் புதையல். எந்த மூலையிலிருந்து பாய்ந்து வரும், எத்தனை அடியில் சாகும் என்பதெல்லாம் வரைந்து வைத்திருந்தேன். கடையில் பருப்பு நிறுக்கும்போதுகூடப் பூதம் மாதிரி உறுமிப் பார்ப்பேன். அந்த ஞாயிறு நல்ல மழை. நாலு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். சொல்ல ஆரம்பித்தேன். காடு தாண்டினார்கள், ஓடை தாண்டினார்கள், குகை வாசல் வந்தது. அது இவ்வளவு உயரம்தான், குனிந்துதான் போக வேண்டும், உள்ளே கும்மிருட்டு என்றேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

'அண்ணா, நீங்கதான் முன்னால நிக்கறீங்க. என்ன செய்யறீங்க?'

மஞ்சக்குட்டைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'செருப்பக் கழட்டறனுங்க.'

'எதுக்குங்க?'

'கத்தியும் வெளிய வெச்சர்றேன். தேங்கா, பழம், கற்பூரம் எடுத்துக்கிட்டு உள்ள போறனுங்க.'

'உள்ள ஆபத்து இருக்குதுங்கண்ணா.'

'கொகைன்னா சாமி இருக்கற எடமுங்க. கத்தியோட எவனாச்சும் போவானா?'

ரைட்டர் தலையாட்டிவிட்டு, காவல்வீரரும் செருப்பைக் கழற்றுவதாக நோட்டில் எழுதினார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா, 'நான் வெளிய நிக்கறேன், அவங்க கும்புட்டுட்டு வரட்டும்' என்றாள்.

மேலே சேர்வராயன் கோயில் இருப்பதே குகைக்குள்தான். மே மாதத் திருவிழாவுக்கு மலை முழுக்கத் திரண்டு போகும். அதற்கான கற்பூரத்தையும் தேங்காயையும் எங்கள் கடைதான் விற்கும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவன் நான். புத்தகத்தில் குகை என்று படித்ததும் அதெல்லாம் எப்படியோ என் மண்டையிலிருந்து துடைத்துப் போட்ட மாதிரிப் போய்விட்டது. அப்போதாவது ஞாபகம் வந்திருக்கலாம். வரவில்லை. வந்தது கோபம்தான். மூன்று வாரம் கண் விழித்துச் செய்த பூதத்துக்கு இந்த ஆள் தேங்காய் உடைக்கப் பார்க்கிறாரே என்று காது சூடாகிவிட்டது.

'அப்புடி எல்லாம் செய்ய முடியாதுங்க. புஸ்தகத்துல இல்ல.'

'நான் என்ன செய்வேன்னுதான கேட்டீங்க? செய்யறதச் சொன்னேன்.'

நான் டின்னுக்குள் கைவிட்டேன். சீட்டை அவர்தான் எடுக்க வேண்டும் என்பது நானே வகுத்த முறை. அவரிடம் நீட்டக்கூட இல்லை. எடுத்த சீட்டைப் பிரித்தும் பார்க்கவில்லை. 'பூதம் பாயுது. ஒரே அடி. நீங்க செத்துட்டீங்க' என்றேன்.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். 'பொழுது போறதுக்கு வந்தா இப்புடியுங்களா' என்றார். என் முகத்தைப் பார்க்காமல் மழையிலேயே இறங்கிப் போய்விட்டார். ரைட்டர் நோட்டை மூடிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவரும் கிளம்பினார்.

'சந்தோசமா?' என்றாள் அக்கா.

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மஞ்சக்குட்டைக்காரர் சந்தைக்கு வந்துவிட்டு எங்கள் கடைப் பக்கம் திரும்பாமல் எதிர்வரிசைக் கடையில் உப்பு வாங்கிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். ரைட்டர் பேப்பர் படிக்க வந்தார், ஆனால் நின்றபடியே படித்துவிட்டுப் போனார். நான் கடைக்கும் ஏரிக்கும் அலைந்தேன். போட்ட டீயைக் குடிக்காமல் வைத்துவிடுவேன். ஒருவேளை பிடுங்கல் நின்றுவிடும் என்று புத்தகத்தை மறுபடி பொட்டலக் கட்டோடு போட்டேன், அரை மணியில் எடுத்துவந்தேன். யாரும் வராத அந்த இரண்டு ஞாயிறும் நான் எந்த பஸ்ஸையும் பார்த்து ஏங்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்த மூன்று பேரும் மறுபடி கோடவுனில் வந்து உட்கார வேண்டும். எனக்கு அது போதும் என்றிருந்தது.

புதன்கிழமை ஷேர் ஜீப்பில் பின்னால் தொற்றிக்கொண்டு மஞ்சக்குட்டைக்குப் போனேன். அவர் வாசலில் சாமை காயப்போட்டிருந்தார். வாங்க என்றார், உட்காரச் சொன்னார், காப்பி வந்தது. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

'அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. செத்தவர எழுப்பிக்கலாம், புஸ்தகத்துல வழி இருக்குது' என்றேன்.

அவர் சாமையைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே சொன்னார். 'செத்தவன் செத்தவன்தானுங்க பாய். எழுப்பறது நல்லதில்ல.'

எனக்குக் கெஞ்சத் தெரியவில்லை. ஜீப் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

'அவனுக்குத் தம்பி ஒருத்தன் இருக்கறானுங்க' என்றார் அவர். 'ஞாயித்துக்கெழம அவன் வருவான். சண்டைக்கு இல்ல. எங்கள்ள ஒருத்தன அடிச்சுட்டா பஞ்சாயத்து வெப்போமுங்க. அந்தப் பூதத்த வரச்சொல்லுங்க. வந்து பதில் சொல்லட்டும்.'

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. விளையாடுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. விளையாட்டும் நிஜமும் அவருக்கு அப்போது ஒன்றாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். ரைட்டரை நடுவில் மிளகாய் மூட்டை மேல் உட்காரவைத்தார்கள். என்னைத் தரையில் உட்காரச் சொன்னார்கள். மஞ்சக்குட்டைக்காரர் உட்காரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

'எங்கண்ணன் செருப்பக் கழட்டி வெச்சுட்டுத்தான் வந்தானுங்க. கத்திய வெளிய வெச்சான். கையில தேங்கா பழம். அவன ஏனுங்க அடிச்சீங்க?'

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காவல் காப்பது பூதத்தின் கடமை என்று சொல்ல ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் அது வரவில்லை.

'கோவமுங்க' என்றேன்.

'என்ன கோவம்? அவன் உங்களுக்கு என்ன பண்ணுனான்?'

'ஒண்ணும் பண்ணலீங்க. நான் மூணு வாரமாச் சண்டைக்குக் காத்துக்கிட்டிருந்தேன். அவரு கற்பூரத்தோட வந்துட்டாரு. என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலீங்க. அடிச்சுட்டேன். அது தப்புதானுங்க.' சொல்லி முடிக்கும்போது என் குரல் பூதத்தின் குரலாக இல்லை. கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது, மறைக்கவும் முடியவில்லை.

ரைட்டர் கனைத்துக்கொண்டு, தீர்ப்பு என்ன என்று திரையைப் பார்த்தார்.

அக்கா அதற்காகவே காத்திருந்தவள் மாதிரிச் சொன்னாள். 'செத்தவரு எடத்துல இனிமே பூதம் வரட்டும். ஆள் கொறைஞ்சு போச்சில்ல? மூட்டை தூக்கிக்கிட்டு இவங்களோடவே நடக்கட்டும். ஒக்காந்த எடத்துல இருந்து அதிகாரம் பண்ணுனது போதும்.'

'அப்ப கதைய யாரு சொல்றது?' என்றேன்.

'ஏன், எங்களுக்கு வாயில்லையா? ஆளுக்கு ஒரு வாரம் சொல்றோம்.'

மஞ்சக்குட்டைக்காரர் சம்மதம் என்று தலையசைத்தார். 'நகருங்க பாய்' என்று என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். அவர் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. இந்த வாரம் தானே சொல்வதாகச் சொல்லி, குகையை விட்டு வெளியே வந்தால் எதிரே மூன்று பாதை பிரிகிறது, மூன்றிலும் மஞ்சு இறங்கி வழி மறைந்துவிட்டது என்று ஆரம்பித்தார்.

'பூதம் எந்தப் பக்கம் போகுதுங்க?' என்று கேட்டார்.

ரைட்டர் பேனா மூடியைக் கழற்றினார். அக்கா திரையை ஒரு சாண் விலக்கினாள். எனக்கு எந்தப் பக்கம் போவதென்றே தெரியவில்லை. ஆனால் அவசரப்படுத்தாமல், நான் சொல்வதற்காக மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.