ஒன்பதாம் எண் சட்டைக்காரி

பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று மத்தியானம் அண்ணன் என்னை அடித்தான்.

எனக்கு அப்போது பதினேழு வயது. நீடாமங்கலத்திலிருந்து குடவாசல் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை நெல் போடாத வருஷங்கள் அவை. அப்பா திருப்பூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அம்மா கிடைத்த வயலில் களை எடுத்தாள். அண்ணன் ஏஜெண்ட் ஒருவர் மூலம் வளைகுடாவுக்குப் போய், ஒரு வருஷம் முடிவதற்குள் திருப்பி அனுப்பப்பட்டு வந்திருந்தான். இடது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. அங்கே என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. கேட்டால் கையில் இருப்பதை வீசுவான்.

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தேன். மாவட்டம், மாநிலம் என்று போய், பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களின் இந்திய அணிக்குத் தேர்வாகியிருந்தேன். வெளிநாட்டில் நடக்கும் ஆசியப் போட்டி. அதற்காகத்தான் பாஸ்போர்ட்.

தபால்காரரிடம் கவரை வாங்கிப் பிரித்தவன் அண்ணன். என் போட்டோவை வெகுநேரம் பார்த்தான். பிறகு என்னிடம் பேசாமல் அம்மாவிடம் பேசினான்.

"நான் போயி கண்டவன் கக்கூஸக் கழுவிட்டு வந்தேன். இவ ட்ராயர் போட்டுக்கிட்டு பந்து விளாட ப்ளேன்ல போவாளாம்."

அம்மா, அது கவர்மெண்டே அனுப்புவது, நமக்குச் செலவு ஒன்றும் இல்லை என்று சமாதானம் சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்து, இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு காம்பால் அடித்தான். முதல் அடி தொடையில். இரண்டாவது அடியை முழங்காலைப் பார்த்து இறக்கினான். கோபத்தில் அடிப்பவன் இடம் பார்த்து அடிக்கமாட்டான்.

"ஒரு காலு போனா போதும்மா. வூட்லயே கெடப்பா."

மூன்றாவது அடிக்கு அம்மா குறுக்கே கையை நீட்டினாள். அது அவள் மணிக்கட்டில் விழுந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்து, கார்னரில் வரும் பந்தை முட்டுவதுபோல அவன் வாயில் முட்டினேன். இரண்டு பல் போயிற்று. அவன் விழுந்ததோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கீழே கிடந்தவனின் விலாவில் மூன்று முறையோ நான்கு முறையோ உதைத்தேன். நல்ல கையால் அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும்டி. செத்துடுவான். நீ கெளம்பு, இப்பவே கெளம்பு."

பையில் துணியையும் பாஸ்போர்ட்டையும் திணித்தது அவள்தான், ஒற்றைக் கையால். சாயங்கால ரயிலைப் பிடித்துவிட்டேன்.

பயிற்சி முகாமில் முழங்கால் வீங்கியிருந்ததற்கு, அறுவடை முடிந்த வயலில் விழுந்தேன் என்று டாக்டரிடம் சொன்னேன். கோச் வடக்கத்திக்காரர். அவருடைய இந்தி எனக்குப் பாதிதான் புரியும். எதிரே ஆள் ஓடி வரும்போது நான் கண்ணை மூடுவதில்லை என்பதால் அவருக்கு என்னைப் பிடித்திருந்தது. தடுப்பாட்டத்தில் வலது பக்கம் எனக்குக் கொடுத்தார்.

இரண்டாவது ஆட்டம். எந்த நாட்டோடு என்று எழுதப்போவதில்லை. ஒன்பதாம் எண் சட்டை போட்ட அவர்களுடைய பெண் ஒல்லியானவள், மெல்லிய ஒற்றைப் பின்னல். அரைமணி நேரத்தில் இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனாள். ஒன்று கோல். மூன்றாம் முறை இருவரும் சேர்ந்து எகிறியபோது அவள் முழங்கை என் உதட்டைக் கிழித்தது. வேண்டுமென்றே செய்தது அல்ல. வாயில் ரத்தத்தோடு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். கோச் குனிந்து தன் கணுக்காலுக்கு மேலே உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். அவளை ஒட்டி நின்று ஆடு என்றுதான் சொன்னதாகப் பின்னால் அவர் சொன்னார். நான் வேறுமாதிரி எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு ஆசையும் இருந்தது.

அடுத்த தடவை அவள் வந்தபோது பந்து அவளுக்கு முன்னால் இரண்டு அடி தள்ளி இருந்தது. எடுத்திருக்கலாம். நான் பந்தைப் பார்க்கவே இல்லை. ஊன்றியிருந்த அவளுடைய காலைப் பார்த்து, இரண்டு காலாலும் பாய்ந்தேன்.

சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. கால் காப்பு உடைந்தது என்று நினைத்தேன். அவள் காலுறைக்குள் முழங்காலுக்குக் கீழே இன்னொரு மடிப்பு இருந்தது. அவள் எழுப்பிய ஓலத்தில் ரெஃப்ரி விசில் ஊதியதே எனக்குக் கேட்கவில்லை. மஞ்சள் அட்டை காட்டினார். சிவப்பு காட்டியிருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். நாங்கள் நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து உள்ளே போகிற வழியில் அவர்களுடைய கோல்கீப்பர் என் கன்னத்தில் குத்தினாள். நான் கையைத் தூக்கவில்லை. இன்னொரு முறை குத்தினாள். எங்கள் பெண்கள் பாய்ந்து அவள் தலைமுடியைப் பிடித்தார்கள். பூட்ஸைக் கழற்றி அடித்துக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள் வந்து பிரிக்கும்வரை நான் சுவரோடு சுவராக நின்றேன்.

இரண்டு அணிகளும் ஒரே ஹோட்டலில்தான் தங்கியிருந்தோம். மறுநாள் காலை அவளை ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்து, யாரிடமும் சொல்லாமல் கீழே போனேன். சக்கர நாற்காலியில், இடுப்புவரை மாவுக்கட்டோடு இருந்தாள். பக்கத்தில் மொழிபெயர்க்கிற ஒரு பெண். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அமைதியாக ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பவள் தயங்கினாள். திரும்பக் கேட்டேன்.

நீ ஏன் சிரித்தாய் என்று கேட்கிறாள், என்றாள் அந்தப் பெண்.

நான் சிரித்தது எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கால் மடிந்த நிமிஷம் எனக்குள் இருந்தது சந்தோஷம்தான் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. அவளை வேனில் ஏற்றினார்கள்.

கடைசி ஆட்டத்தில் யார் ஓடி வந்தாலும் நான் ஒதுங்கி நின்றேன். இருபதாவது நிமிஷத்தில் கோச் என்னை வெளியே எடுத்தார். அதற்குப் பிறகு இந்திய அணியில் ஆடவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

நான் ஊர் திரும்பியபோது அண்ணன் அப்பாவிடம் திருப்பூருக்குப் போயிருந்தான். இப்போது அறுவடை மிஷின் ஓட்டுகிறான். தண்ணீர் திறப்பது, நெல் விலை, பிள்ளைகள் படிப்பு என்று பேசிக்கொள்வோம். அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் பேசியதில்லை. மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டதால் அம்மா நடவுக்குப் போவதை விட்டுவிட்டாள்.

நீடாமங்கலத்தில் பிரவுசிங் சென்டர் வந்த பிறகு, அந்த நாட்டின் பெண்கள் அணிப் பட்டியலைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு போட்டிக்கும் பார்ப்பேன். என்னைக் குத்திய கோல்கீப்பர் பெரியவர்கள் அணிக்கு வந்துவிட்டாள், பிறகு கேப்டனும் ஆனாள். ஒன்பதாம் எண்ணில் வேறு வேறு பெயர்கள் வந்தன. அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. நாலைந்து வருஷம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.