ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது கிராம் அரிசி

நான் தராசு பிடிக்கிற ஆள். ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பத்தொன்பது வருடமாகக் கொழுந்து நிறுக்கிறேன். எதையும் நம்பாதவன் என்று சொல்லித்தான் எல்லோரும் இந்த மாதிரிக் கதையை ஆரம்பிப்பார்கள், தெரியும். ஆனால் நான் நம்பாதவன் மட்டுமில்லை, நம்புகிறவர்களைக் கிண்டல் செய்தே பொழுதைப் போக்கியவன். மழைக்காலத்தில் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்து எடை நிற்கும், அதற்காகக் கொஞ்சம் கழிப்போம், பெண்கள் சண்டைக்கு வருவார்கள், மேலே கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பார்கள். நன்றாகப் பார்க்கட்டும், தராசையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்பேன். அப்படிப்பட்ட வாய் என்னுடையது. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபப்பட உரிமை இல்லை. தராசு காட்டியதை மட்டும் சொல்கிறேன், மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து எஸ்தர் உண்டானாள். ஏழாம் மாதம் முடியும் முன்பே வலி வந்து, கொட்டுகிற மழையில் ஜீப்பில் மலை இறக்கி, கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெண் குழந்தை. ஆயிரத்து இருநூற்று அறுபது கிராம். நான் தினம் கையால் தொடுகிற கொழுந்துச் சாக்கில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அம்மா மட்டும்தான் உள்ளே போகலாம், அப்பாவுக்கு வெளியே வராந்தாதான்.

ஒரு மாதம் போனது. குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது. ஆயிரத்து எண்ணூறு வந்துவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் வீடு அதற்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும் என்றார் டாக்டர். புகை கூடாது, சுவரில் பூஞ்சை கூடாது, ஈரம் கூடாது, குளிர் கூடாது. எஸ்டேட் கொடுத்த வரிசைவீடு எங்களுடையது, அந்த லயத்தில் இந்த நான்கும்தான் உண்டு, வேறொன்றும் கிடையாது. எஸ்தர் என்னை மேலே அனுப்பினாள். வராந்தாவில் நின்று என்ன செய்யப் போகிறீர்கள், வீட்டைப் பாருங்கள் என்றாள்.

வந்ததும் விறகடுப்பை இடித்துப் பின்பக்கம் தகரம் போட்டு மாற்றினேன். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தேன். கூரைக்கு உள்ளே பிளாஸ்டிக் ஷீட் கட்டினேன். ஜன்னல் இடுக்கில் எல்லாம் துணி அடைத்தேன். காலையில் நிறுவை, மத்தியானம் நிறுவை, சாயங்காலம் நிறுவை, நடுவில் கிடைக்கிற நேரமெல்லாம் இதுதான். கடைசியாக உத்திரத்தில் கொக்கி அடித்து எஸ்தரின் பழைய நூல்சேலையில் தொட்டில் கட்டினேன். கொக்கி தாங்குமா என்று பார்க்க வேண்டாமா? இழுத்து ஒரு ஆட்டு ஆட்டினேன்.

அப்போதுதான் அடுத்த வீட்டுச் செல்வமேரி அக்கா வாசலில் வந்து நின்றாள். கொழுந்து கிள்ளுகிறவள், என்னோடு சண்டை போடுகிறவர்களில் முதல் ஆள், எஸ்தருக்கு உயிர்.

"ஏய் தம்பி, வெறுந்தொட்டில ஆட்டாதய்யா! புள்ளைக்கு வயித்த வலிக்கும்."

"எக்கா, புள்ள அங்க கண்ணாடிப் பொட்டிக்குள்ள கெடக்கு, தொட்டி இங்க தொங்குது. நடுவுல எவ்வளவு தூரம்! எப்படிக்கா வலிக்கும்?"

"வலி என்ன பஸ்சு ஏறியா போவுது? விடு சொல்லுதேன்."

விட்டிருக்கலாம். விடவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே, பத்து முறை எண்ணி வேகமாக ஆட்டினேன். தொட்டில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் போய் வந்தது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு.

மறுநாள் புதன்கிழமை. காலை நிறுவைக்குக் கிளம்பும்போது எஸ்தர் போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, புள்ளைக்கு வயிறு உப்பிருச்சு. பால நிப்பாட்டிட்டாங்க. ட்ரிப்பு ஏத்திருக்காங்க. குடல் நல்லாருக்கான்னு ரெண்டு மூணு நாள் பாக்கணுமாம்."

"எடை?"

"ஆயிரத்து ஐநூத்தி நாப்பது. இப்ப அதையா கேப்பீங்க?"

எனக்குக் கேட்கத் தெரிந்தது அது ஒன்றுதான். வரட்டுமா என்றேன். வந்தாலும் வெளியேதானே நிற்பீர்கள், வீட்டை முடியுங்கள் என்று அழுதாள்.

குறைமாதக் குழந்தைகளுக்கு வயிறு உப்புவது நடக்கிற காரியம்தான், டாக்டரும் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார். அதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் என் கால் நேராகச் செல்வமேரி அக்கா வீட்டுக்குத்தான் போனது. அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை.

"தொட்டிய அவுக்காத. கெட்டுனத அவுக்கப்புடாது. புள்ள இன்னைக்கு என்ன எடையோ அந்த எடைக்கு அரிசிய நிறுத்துத் துணியில கெட்டிப் போடு. வெறுமையா தொங்கக் கூடாது, அம்புட்டுத்தான். புள்ள வந்து எறங்குன அன்னைக்கு அந்த அரிசியப் பொங்கி எல்லாத்துக்கும் குடுத்துரணும்."

எங்கள் சபையில் யாராவது கேட்டால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்குப் போனேன். எங்கள் தராசு பத்துப் பத்து கிராமாகக் காட்டும். ஒன்று ஐந்து நான்கு பூஜ்யம். துணியோடு சேர்த்து, ஒரு மணி கூடாமல் குறையாமல். எஸ்தரின் வெள்ளைத் துணியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டித் தொட்டிலில் வைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கூரையில் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தபோது தொட்டிலிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தேன். பத்தொன்பது வருடம் எடை பார்த்த கை ஐயா, பொய் சொல்லாது. குறைவாக இருந்தது. முடிச்சு இரண்டும் நான் போட்டபடியே இருந்தன. எலி கடித்த ஓட்டை இல்லை, கீழே ஒரு மணி சிந்தவில்லை. குடைக்குள் அணைத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். ஒன்று நான்கு ஒன்பது பூஜ்யம். தராசில்தான் கோளாறு என்று படிக்கல்லை வைத்துப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள், அந்த மழை ஈரத்தில் அரிசி எடை கூட வேண்டும், குறையவே கூடாது. ஈரத்தின் கணக்கு என்னைவிட யாருக்குத் தெரியும்?

கொட்டகையில் நிற்கும்போதே போன் வந்தது. எஸ்தர் நானாகக் கேட்கும் முன்பே சொன்னாள், "ஆயிரத்து நானூத்தித் தொண்ணூத்திரெண்டுக்கு எறங்கிட்டா."

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். நான் அங்கே கிடந்த கொழுந்துச் சாக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கொழுந்து கொண்டுவந்த பெண்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஈரக்கழிவு நான் யாருக்கும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தராசு ஒன்று நான்கு ஐந்து பூஜ்யம் காட்டியது. பத்து நிமிடம் கழித்து எஸ்தரும் ஏறக்குறைய அதையே சொன்னாள். எனக்கு அப்போது வந்த யோசனையைச் சொன்னால் திட்டுவீர்கள். இரண்டு பிடி அரிசியை அள்ளிப் பொட்டலத்தில் போட்டுவிட்டால் என்ன? வீட்டுக்கு வந்து அரிசிப் பானைக்குள் கையை விட்டுவிட்டேன். விசாரிக்க வந்த அக்கா பார்த்துவிட்டுக் கையைத் தட்டிவிட்டாள்.

"நீயா சேக்காத. அது அரிசியில்ல இப்ப. உசுர அள்ளிப் போட ஒங்கைல அளவு இருக்கா?"

லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். கதவைச் சாத்தினேன். ஆஸ்பத்திரியில் எஸ்தருக்குச் சொல்லிக்கொடுத்த கங்காரு முறை எனக்குத் தெரியும், குழந்தையைத் துணியில்லாமல் நெஞ்சோடு நெஞ்சாக வைத்துச் சூடு கொடுப்பது. குழந்தை இன்னும் கொஞ்சம் தேறியதும் அப்பாக்களும் உள்ளே வந்து செய்யலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள், எனக்கு அந்த வாய்ப்பு வரும் முன்னால் குழந்தைக்கு வயிறு உப்பிவிட்டது. சட்டைப் பித்தான்களைக் கழற்றி, பொட்டலத்தை நெஞ்சில் வைத்து, திரும்பப் பூட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை, அரிசியைக் கட்டிக்கொண்டு. வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு வெட்கம் போய்விட்டது. உன்னை வைத்துப் பந்தயம் கட்டிவிட்டேன் அம்மா, வாய்க்கொழுப்பில் செய்துவிட்டேன், அப்பாவை மன்னித்துவிடு என்று சொல்லிச் சொல்லி அழுதேன். இரண்டு மணியிலிருந்து நாலரைச் சங்கு ஊதும் வரை அப்படியே இருந்தேன். மூன்று மணிக்கு மேல் இருக்கும், பொட்டலம் என் நெஞ்சில் ஒரு துள்ளுத் துள்ளியது. அரிசி சரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இறுக்கிக் கட்டிய பொட்டலத்துக்குள் அரிசி சரிய இடமில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

இருட்டுகிற நேரத்தில் எஸ்தர் கூப்பிட்டாள். வயிறு வற்றிவிட்டது, நாளைக்கு ஒரு சொட்டுப் பால் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இறங்கவில்லை. சனிக்கிழமை அதே எடை. திங்கட்கிழமை இருபது கிராம் கூடுதல். ஒவ்வொரு நாளும் காலை நிறுவைக்கு முன்னால் பொட்டலத்தைத் தராசில் வைப்பேன், பிறகுதான் போன் வரும். ஒருநாள் சந்தோஷம் தாங்காமல் அவள் சொல்லும் முன்பே ஆயிரத்து அறுநூத்திப் பத்துதானே என்றுவிட்டேன். "யாரு சொன்னா ஒங்களுக்கு? இப்பத்தானே நிறுத்தாங்க?" என்று பயந்துபோனாள். சும்மா ஒரு குத்துமதிப்பு என்றேன். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தில் டிஸ்சார்ஜ். மலை ஏறுகிற வழியில் குட்டிக்கானத்தில் மூடுபனி, ஜீப் ஊர்ந்துதான் வந்தது. வாசலில் செல்வமேரி அக்கா ஜெபம் பண்ணினாள், பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தொட்டிலில் இட்டாள். நான் பொட்டலத்தோடு கொட்டகைக்குப் போனேன். காலையில் ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து காட்டிய அதே பொட்டலம் இப்போது ஒன்று ஐந்து நான்கு பூஜ்யம் காட்டியது. நான் முதல்நாள் போட்ட எடை. அதைப் பொங்கி லயத்தில் எல்லோருக்கும் ஒரு வாய் கொடுத்தோம். சாதாரணச் சோறு, சாதாரண ருசி.

இதோடு நின்றிருந்தால் நானே ஏதாவது சமாதானம் கண்டுபிடித்திருப்பேன். குழந்தைக்கு ஒரு வயது ஆனபின் ஒருநாள், வெயிலில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே எஸ்தர் சொன்னாள்.

"ஒங்கள்ட்ட ஒண்ணு சொல்லாம வச்சிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை சரியா மூணு மணிக்குப் புள்ள மூச்ச நிறுத்திருச்சு. என்னைய வெளிய அனுப்பிட்டாங்க. மூஞ்சியெல்லாம் நீலமாயிருச்சாம். குழாய் போட எடுக்கையில அதுவா ஒரு துள்ளுத் துள்ளி மூச்சு விட்டுச்சாம். அப்புறம் சிஸ்டர் என்னையக் கூப்பிட்டு, சட்டையோட யாரு புள்ளையத் தூக்குனதுன்னு கேட்டாங்க. முதுகுல வரிசையா மூணு வட்டம், பித்தான் அமுங்குன மாதிரி, ஒவ்வொண்ணுலயும் நாலு புள்ளி. அங்க எல்லாரும் நாடா வச்ச கவுனுதாங்க போட்டுருப்பாங்க. பித்தான் யாருக்கு இருக்கு?"

நான் அவளிடம் எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு குழந்தையின் முதுகைப் பார்த்தேன். ஒன்றுமில்லை, இரண்டே நாளில் மறைந்துவிட்டதாம். என் மகள் இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள், நன்றாக இருக்கிறாள். அங்கே மாதாமாதம் எடை பார்ப்பார்கள், அன்றைக்கு மட்டும் எஸ்தரைத்தான் அனுப்புவேன்.

இரண்டு மணியிலிருந்து சங்கு ஊதும் வரை அப்படியே இருந்தேன் என்று மேலே சொன்னேன் அல்லவா? அது முழு உண்மை இல்லை. இதை எஸ்தரிடம் இன்றுவரை சொல்லவில்லை, செல்வமேரி அக்காவிடமும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு, என்ன பைத்தியக்காரத்தனம் இது என்று பொட்டலத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பாலில்லாமல் ஒரு கட்டன்சாயா போட்டேன். நின்றுகொண்டே குடித்தேன். நெஞ்சில் அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது, பொறுக்க முடியாமல் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்து பொட்டலத்தை எடுத்துத் திரும்பச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

அரை கிளாஸ்தான் குடித்திருந்தேன்.