ஜமீன் ஊர்வலத்தின் நடுவே திறந்த வழி

தங்கையா சாகப்போகிறான் என்று நினைத்தேன். அதுவும் என்னால் சாகப்போகிறான். சென்ற ஆனி மாதம், சாரல் பிடித்த பிறகு வந்த ஒரு வியாழக்கிழமை காலை, குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வருகிற ரஸ்தாவில், அவன் தொடையிலிருந்து பாய்ந்த ரத்தம் என் முழங்கை வரைக்கும் நனைத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஜனம். ஒரு அடி நகர வழியில்லை. என்னோடு ஒரே பாயில் முழங்கால் போடுகிற சபையாரே, அந்த இடத்தில் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்லுகிறேன். சீசனுக்கு அருவியில் குளிக்க வந்திருந்த ஒரு பெரிய ஜமீன்தார், தொண்ணூறு வயதைத் தாண்டியவர், குற்றாலத்தில் தம் பங்களாவில் தூக்கத்திலேயே காலமானார். நிறைந்த சாவு. சர்க்கார் மரியாதையோடு தென்காசிப் பக்கம் சிற்றாற்றங்கரையில் தகனம் என்று தண்டோரா போட்டார்கள். கலெக்டர் துரை வருகிறார், போலீஸ்காரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நடந்து வருவார்கள், யானை உண்டு, பூப்பல்லக்கு உண்டு என்று ஊரெல்லாம் பேச்சு. செங்கோட்டையிலிருந்து ரயிலிலும் சுரண்டையிலிருந்து பஸ்ஸிலும் ஜனம் வந்து இறங்கியது.

எங்கள் முதலுதவிப் படையைத் தொண்டு செய்யக் கூப்பிட்டார்கள். படை என்றால் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். நாங்கள் பத்துப் பன்னிரண்டு வாலிபர்கள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அண்ணாச்சி ஒருவர் சனிக்கிழமைதோறும் கட்டுப் போடவும் ரத்தத்தை நிறுத்தவும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் ஸ்கூல் பைனல் தேறி, வேலை கிடைக்காமல், எதிலும் முன்னால் ஓடுகிறவன். பாடப் புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஆனால் அதுவரை ஒரு நிஜக் காயத்தையும் தொட்டதில்லை.

அண்ணாச்சி எங்களில் ஆறு பேரை ரஸ்தா ஓரத்துத் தண்ணீர்ப் பந்தலில் நிறுத்தினார். "இந்த எடத்த விட்டு அசையக்கூடாது. மயங்கி விழுதவனத் தூக்கணும், தாகத்துக்குத் தண்ணி குடுக்கணும். அவ்வளவுதான் உங்க சோலி" என்றார். முக்கியமாக என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் ஸ்ட்ரெச்சரோடு ஊர்வலத்தின் பின்னால் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் பொறுத்தேன். ஒருவரும் மயங்கவில்லை. சாரலில் எவனுக்குத் தாகம் எடுக்கும்? தூரத்தில் அதிர்வேட்டுச் சத்தம் கேட்டது. ஊர்வலத்துக்கு முன்னால் வருகிறவர்கள் இரும்புக் குழாயில் வெடிமருந்தை இடித்து அடைத்துத் தீ வைத்துக்கொண்டே வந்தார்கள். கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கால் பரபரத்தது.

"வாலே, பாத்துட்டு ஓடியாந்திருவோம்" என்று தங்கையாவைக் கூப்பிட்டேன்.

தங்கையா என் சிநேகிதன். விதவைத் தாய்க்கு ஒரே மகன். "அண்ணாச்சி தோலை உரிச்சிருவாரு மக்கா" என்றான். சொல்லிக்கொண்டேதான் என் பின்னால் வந்தான். நான் கூப்பிட்டால் வருகிறவன் அவன்.

கிட்டே போய் நின்றோம். மூன்றாவது குழாய் வெடித்தபோது குழாயே பிளந்துவிட்டது. நான் காதைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தங்கையா உட்கார்ந்திருந்தான். "ஏலே, காலு..." என்றான். ஒரு இரும்புச் சில்லு அவன் தொடையைக் கிழித்திருந்தது. ரத்தம் துடித்துத் துடித்து வந்தது.

புத்தகம் முழுவதும் மறந்துபோயிற்று. "இயேசுவே" என்று கத்தினேன். அது ஜெபமா அலறலா, எனக்கே தெரியாது. ஆனால் அந்தக் கணமே அண்ணாச்சி வகுப்பில் என் தொடை மடிப்பில் விரலை வைத்து அழுத்திக் காட்டிய இடம் கண்முன் வந்தது. இரண்டு கட்டை விரலையும் அங்கே ஊன்றினேன். பாய்ச்சல் நின்று கசிவாயிற்று. அது எனக்குக் கிடைத்த முதல் பதில்.

பந்தலிலிருந்து மற்ற நால்வரும் ஓடிவந்தார்கள். ஸ்ட்ரெச்சர் இல்லை. பந்தலின் இரண்டு மூங்கிலை உருவி, பந்தலுக்கு மறைப்பாகக் கட்டியிருந்த வேட்டிகளைக் குறுக்கே கட்டி, அவனைத் தூக்கிப் படுக்க வைத்தோம். அடிபட்டவனைக் குளிரவிடக் கூடாது என்பது பாடம். ஆகவே ஒரு வெள்ளை வேட்டியைக் கழுத்து வரை போர்த்தினோம். எவ்வளவு சரியாகச் செய்கிறோம் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பெருமை!

ஆஸ்பத்திரி தென்காசிக்குள் இருக்கிறது. ஊர்வலத்தைப் பார்க்க நின்ற ஜனம் அந்தப் பக்கம் முழுவதையும் அடைத்திருந்தது. நால்வர் தூக்க, நான் விரலை எடுக்காமல் பக்கத்தில் குனிந்தபடி நடந்தேன். முன்னால் தூக்கியவன் விசிலை ஊதினான். ஊதினால் வழி விடுவார்கள் என்பதும் பாடம்தான். ஆனால் விசில் சத்தம் கேட்டதும் ஜனம், "ஊர்வலம் வந்துட்டுடோய்!" என்று எங்களை நோக்கி நெருக்கியது. அவன் ஊத ஊத அவர்கள் நெருக்கினார்கள். தங்கையாவின் உதடு வெளுத்துப்போயிற்று. என் கட்டை விரல் மரத்துப்போயிற்று.

அப்போதுதான் நான் முறையாக ஜெபித்தேன். "ஆண்டவரே, கூட்டிவந்தது நான். தண்டனை எனக்கு இருக்கட்டும். இவன் அம்மாவுக்கு வேறு பிள்ளை இல்லை. ஒரு மோட்டாரை அனுப்பும். கலெக்டர் துரையின் மோட்டாராய் இருந்தாலும் சரி" என்றேன். அப்படியே சொன்னேன். எந்த வண்டி வர வேண்டும் என்று அவருக்கே யோசனை சொன்னேன்.

மோட்டார் வரவில்லை. சங்கு வந்தது.

பல்லக்குக்கு முன்னால் சங்கு ஊதிக்கொண்டு வந்த மாடசாமி என்கிறவர், வேட்டுக் குழாய் வெடித்ததைப் பார்த்துவிட்டு எங்கள் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறார். முப்பது வயதிருக்கும். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏ தம்பிமாரே, பீப்பி ஊதினா எவன் விலகுவான்? பாடையக் கெட்டிட்டுப் பீப்பியா ஊதுதிய?"

"அண்ணாச்சி, இது பாடை இல்ல, ஸ்ட்ரெச்சர்" என்றேன்.

"நீ சொன்னாப் போதுமா? பாக்குதவனுக்குப் பாடைதான். அது நல்லதுக்குத்தான். தூக்குங்க."

"ஜமீன்ல உங்களைத் தேட மாட்டாகளா?"

"பெரியவுக போய்ச் சேந்தாச்சு. அவுகளுக்கு இனி என்ன அவசரம்? அவசரம் இவனுக்குல்லா!"

சொல்லிவிட்டு முன்னால் போய்ச் சங்கை ஊதினார். சபையாரே, நான் செங்கடலைப் பற்றி வேதத்தில் வாசித்திருக்கிறேன். அன்று கண்ணால் பார்த்தேன். சங்கொலி கேட்டதும் ஜனம் தானாக இரண்டாகப் பிரிந்தது. தலைப்பாகையை அவிழ்த்தார்கள். கை கூப்பினார்கள். பிள்ளைகளை இழுத்து ஓரம் நிறுத்தினார்கள். நடு ரஸ்தா வெறுமையாய்க் கிடந்தது. நாங்கள் ஓட்டமும் நடையுமாகப் போனோம். இரண்டு பக்கமிருந்தும் ஜமீன்தாருக்காக வைத்திருந்த பூவும் பொரியும் எங்கள் தங்கையாவின் மேல் விழுந்தன.

பொரி மூக்கில் பட்டதும் அவன் கண்ணைத் திறந்தான்.

"ஏலே, என்னய எங்க கொண்டு போறிய? ஆஸ்பத்திரிக்கா, சுடுகாட்டுக்கா?"

ஓரத்தில் நின்ற ஒரு அம்மாள், "ஐயையோ, பொணம் பேசுதே!" என்று பொரிக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். மாடசாமி சங்கை வாயிலிருந்து எடுக்காமலே குலுங்கினார். சிரிப்பில் சங்கு விட்டு விட்டு ஒலித்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, "விரலை எடு" என்றார். என்னால் எடுக்க முடியவில்லை. விரல் அசைய மறுத்தது. அவரே பிரித்து எடுத்தார். தையல் போட்டு முடித்து வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என் கையில் ஒன்றும் இருந்திருக்காது" என்றார். மாடசாமிக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் ஏற்கெனவே ஆற்றங்கரைக்கு ஓடிவிட்டார்.

கம்பவுண்டர் அண்ணாச்சி வந்தார். "தண்ணிப் பானைய விட்டுட்டு எங்கலே போன?" என்று ஓங்கிய கையை, என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்து இறக்கிவிட்டார். "சரியான எடத்துல அமுக்கினயா?" என்று மட்டும் கேட்டார். "ஆமா அண்ணாச்சி" என்றேன். முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் தங்கையாவின் தாயார் முன்னால் போய் நின்றேன். அதுதான் எனக்குப் பெரிய பயம். "பெரியம்மா, அவனைக் கூப்பிட்டது நான்தான்" என்றேன்.

"தெரியும். வேற எவன் கூப்பிடுவான்?" என்றார்கள். பிறகு, "அவன விட்டுட்டு ஓடாம கூடவே இருந்தவனும் நீதான. உக்காரு, சாப்பிடு" என்று இலையைப் போட்டார்கள். அந்தச் சோற்றை அழுதுகொண்டே சாப்பிட்டேன். மன்னிப்பு என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது என் வயிற்றுக்குள் இறங்கியது.

அதன் பிறகு நான் மாறியிருக்கிறேன். நிறுத்தின இடத்தில் நிற்கப் பழகுகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் கடவுளுடைய உதவி நம் கோயில் வாசல் வழியாகத்தான் வரும் என்று எண்ணியிருந்தேன். அது சங்கு ஊதுகிறவர் வழியாகவும் வரும் என்று இப்போது தெரியும். மாடசாமியின் வீட்டுக்கு நானும் தங்கையாவும் போனோம். ஜமீன் ஆட்கள் திட்டினார்களாம், கூலியில் பிடித்துக்கொண்டார்களாம். அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "உசுரோட இருக்கவனுக்கு ஊதினது அதான் மொதத் தடவ" என்றார். அவருக்காகத் தினமும் பேர் சொல்லி ஜெபிக்கிறேன்.

இதை எழுதி முடித்துத் தங்கையாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் துளியும் பயப்படவில்லை என்று எழுதச் சொல்லுகிறான். அது பொய். ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் கோயில் அசன விருந்தில் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாய் நடந்தவன் அவன்தான். நீங்களே பார்த்தீர்கள். சிலர் இரண்டு தரம் கேட்டு வாங்கினீர்கள்.

உங்களில் யாருக்காவது இப்போது நாலு பக்கமும் அடைபட்டு நிற்கிறதுபோல் இருக்கலாம். தப்பு உங்கள்மேல் இருக்கிறது என்பதற்காக வாயை மூடிக்கொள்ளாதீர்கள். தப்பு முழுவதும் என்மேல்தான் இருந்தது, ஆனாலும் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். கூப்பிடுங்கள். சத்தமாகவே கூப்பிடுங்கள். கூப்பிட்டுக்கொண்டே, உங்கள் கை எந்தக் காயத்தின்மேல் இருக்கிறதோ, அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.